ஒரே வீட்டில் இரண்டு பல் சந்து

செப்டம்பர் 12

ஆசிரியர் தினத்துக்கு எடுத்த குரூப் போட்டோ இன்று கைக்கு வந்தது. நன்றாகச் சிரித்திருக்கிறேன். முன்பற்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு பட்டை. சின்ன வயதிலிருந்தே அங்கே ஒரு நெல் நுழைகிற அளவுக்குச் சந்து உண்டு. "பல் சந்து இருந்தா அதிர்ஷ்டம்" என்று அம்மா சொல்லியே வளர்த்ததால் அதைக் குறையாக நினைத்ததில்லை. இரவு கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். அப்போது இவ்வளவு இல்லை. இப்போது நாக்கு நுனி போய் உட்காருகிறது. வலது பல் கொஞ்சம் முன்னால் வந்து நீண்ட மாதிரியும் இருக்கிறது. 42 வயதில் பல் நகருமா?

பாப்பாவுக்கு 9 வயது. அவளுக்கும் அதே இடத்தில் சந்து. "அம்மா மாதிரியே" என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

செப்டம்பர் 15

கை நடுங்கிவிட்டது இன்று. கொத்தமல்லிக் கட்டில் வந்த ரப்பர் பேண்டை, பாப்பா இரண்டு முன்பல்லையும் சேர்த்து மாட்டியிருக்கிறாள். ரெண்டே நாளில் ஒட்டிவிடும் என்று வகுப்பில் யாரோ சொன்னார்களாம். நான் பார்க்கும்போது ரப்பர் பாதி ஈறுக்குள் போயிருந்தது. விளக்குக்குக் கீழே உட்கார வைத்து, சின்னக் கத்தரியால் வெட்டி மெல்ல உருவினேன். இரண்டு சொட்டு ரத்தம். திட்ட வாயெடுத்தேன். "உனக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேம்மா" என்று உள்ளங்கையை விரித்தாள். அங்கே இன்னொரு ரப்பர்.

செப்டம்பர் 19

கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு வழியாகக் குன்னூர் போனோம். பல் டாக்டர் இளவயதுப் பெண், பொறுமையாகப் பேசுகிறவர். ரப்பர் கதையைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. முன்பல்லின் வேர் முள்ளங்கி மாதிரி உள்ளே போகப் போகக் கூம்புமாம். ரப்பர் வழுக்கி வேர்ப்பக்கம் ஏறிவிட்டால் வெளியே தெரியாது. உள்ளே இருந்தபடி எலும்பை அரித்துவிடும். நல்ல பற்களையே அப்படி இழந்த பிள்ளைகள் உண்டு என்றார். இதைப் படிக்கிற அம்மாக்கள் பிள்ளைகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

பாப்பாவின் மேல் உதட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். உதட்டையும் ஈறையும் சேர்க்கும் சவ்வு தடித்துப் பற்களுக்கு நடுவே இறங்கியிருந்தால், இழுக்கும்போது நடு ஈறு வெளுக்குமாம். வெளுக்கவில்லை. எக்ஸ்ரேயில் நடுவே கூடுதல் பல் ஒளிந்திருக்கவும் இல்லை. கோரைப்பற்கள் மட்டும் எலும்புக்குள்ளிருந்து பக்கத்துப் பல்லின் வேரை நெருக்கிக்கொண்டு இறங்குகின்றன; அதனால்தான் முன்பற்கள் விசிறியாக விரிந்து நிற்கின்றன. 11, 12 வயதில் அவை முளைக்கும்போது சின்னச் சந்து பெரும்பாலும் தானாகச் சேரும். 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் முழுதாக மூடுவது சந்தேகம். இவளுக்கு ஒன்றரை. "வருஷம் ஒரு தடவை காட்டுங்க டீச்சர், இப்ப எதுவுமே செய்ய வேண்டாம்."

பிறகு என் முறை. கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி அளந்துகொண்டே வந்தார். நாலு, ஆறு, ஆறு, அஞ்சு. மூன்று மில்லிமீட்டர் வரைக்கும் சரியாம். ஈறு நோய். எலும்பு கரைந்து பிடிமானம் தளர்ந்ததால், கடிக்கிற வேகத்திலேயே பல் முன்னால் தள்ளிப் போகிறது. இரண்டு வருஷமாகப் பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது. சத்துக் குறைவு என்று விட்டுவிட்டேன். வலி இல்லையே, வலி இருந்திருந்தால் போயிருப்பேன்.

சர்க்கரை டெஸ்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அக்டோபர் 6

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரை சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். இது இரண்டாவது முறை. சர்க்கரை இல்லை, நிம்மதி.

சந்து முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறது. "டாக்டர் பல்லை ராவி விட்டுட்டாங்களா?" என்று அத்தை கேட்டார். பல்லை ராவவே இல்லை. இத்தனை நாள் பல்லில் படிந்த காரை அடைத்துக்கொண்டு இருந்தது, வீங்கிய ஈறும் மறைத்தது. இரண்டும் போனதும் உள்ளது உள்ளபடி தெரிகிறது. ரத்தம் நின்றுவிட்டது.

அக்டோபர் 27

எப்படி மூடுவது என்று இன்று விவரமாகக் கேட்டுக்கொண்டேன்.

காம்போசிட் என்ற பல் நிறத்துப் பிசினை வைத்து, நீல வெளிச்சம் காட்டி இறுக வைப்பது ஒன்று. ஒரே நாளில் முடியும், பல்லை அதிகம் ராவ வேண்டாம். எனக்கு ஆசை அதில்தான் போனது. ஆனால் நாள்பட டீக்கறை ஏறும், ஓரம் உடையும், சில வருஷத்தில் மாற்ற வேண்டியிருக்கும். கோத்தகிரியில் டீ குடிக்காமல் இருக்க முடியுமா? அதைவிடப் பெரிய சிக்கல், என் பல் இடம் மாறி நிற்கிறது. அந்த இடத்திலேயே அடைத்தால் பல் அகலமாகும். தள்ளிப் போன பல் தள்ளியபடியே நிற்கும்.

வெனீர் என்பது பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு; அதை வைக்க எனாமலை ராவ வேண்டும். ராவிய எனாமல் திரும்பி வராது. இருக்கிற பல்லைக் காப்பாற்றத்தானே இவ்வளவும், வேண்டாம் என்றுவிட்டேன்.

மிச்சம், நகர்ந்த பல்லைப் பழைய இடத்துக்கே நகர்த்துவது. கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் என்றால் நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும், டீக்கு ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும். கம்பிக் கிளிப் என்றால் மாதம் ஒருமுறை கோயம்புத்தூர். எதுவானாலும் ஈறு அடங்கிய பிறகுதான். நோய் இருக்கும்போது இழுத்தால் எலும்பு இன்னும் வேகமாகப் போய்விடும்.

நவம்பர் 16

கிளிப் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினோம். குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்து பஸ் திரும்பிவிட்டது. மலையில் இருக்கிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுத்தான் வைத்தியம் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 21

நேற்று குன்னூரில் அளந்தார்கள்: மூணு, நாலு, மூணு, மூணு. இன்று கோயம்புத்தூர், பாப்பாவும் கூட வந்தாள். கிளிப் என்று முடிவாகிவிட்டது. ஜனவரியில் ஆரம்பம், ஒரு வருஷம் போல ஆகும், விசை லேசாகத்தான் கொடுப்பார்கள். முடிந்ததும் பல்லுக்குப் பின்னால் மெல்லிய கம்பி ஒட்டுவார்கள். அது என்றைக்கும் இருக்க வேண்டும், இல்லையென்றால் சந்து திரும்பிவிடும். ஈறு இறங்கியதால் அடியில் ஒரு சின்ன முக்கோணம் மட்டும் மிஞ்சலாம், அங்கே கொஞ்சம் காம்போசிட் வைக்கலாம் என்றார். பணத்துக்குச் சீட்டு எடுக்கிறேன்.

டாக்டர் பற்களை இழுக்கிற ரப்பர் சங்கிலியைக் காட்டியதும் பாப்பா என் கையை இறுகப் பிடித்தாள். "இது ஈறுக்குள்ள ஏறாதா டாக்டர்?"

அவர் மாதிரிப் பல்வரிசையை அவளிடம் கொடுத்தார். ஒவ்வொரு பல்லிலும் ஒரு கொக்கி ஒட்டியிருந்தது, ரப்பர் அதில் மாட்டியிருந்தது. அவள் விரலால் மேலே தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை. இன்னொரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினாள்.