வேடியப்பன் காலடியில் ஒரு குதிரைமுகக் கல்

வேலூரில் பெரியப்பா வீட்டுப் பூஜை மாடத்தில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் இருந்தது. உள்ளங்கை அகலம்தான். கருப்பும் சாம்பல் வெள்ளையுமாக வரிவரியாக ஓடும். கையில் எடுத்தால் அந்த அளவுக்குச் சம்பந்தமே இல்லாத கனம். வெள்ளிக்கிழமைதோறும் பெரியம்மா சாமி படங்களுக்குப் பொட்டு வைக்கும்போது அந்தக் கல்லுக்கும் ஒரு பொட்டு வைப்பார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

போன ஆடி மாதம் பெரியப்பா போன் செய்தார். "எனக்கும் எழுபது நெருங்குதும்மா. அந்தக் கல்ல நம்ம வேடியப்பன்கிட்ட சேர்த்துடணும். பெரியம்மாவுக்கு முட்டி வலி, வரமுடியாது. நீ வரியா?"

கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் புகுந்த வீட்டுச் சாமிதான் குலதெய்வம். வேடியப்பன் எனக்கு இப்போது பிறந்த வீட்டுச் சாமி. ஆனாலும் முதல் மொட்டை அவனுக்குத்தானே போட்டார்கள்? காதும் அங்கேதான் குத்தினார்கள். வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ் ஏறினோம். பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் ஒரு பையில். கல்லை மட்டும் மஞ்சள் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டார் பெரியப்பா. கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் பாதை. 1989ல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை இந்தப் பாதை முழுக்க ஒரே வட ஆற்காடு. பிரித்தபோது சாமி அந்தப் பக்கம் போய்விட்டது, பங்காளிகளில் பாதிப் பேர் வேலூர்ப் பக்கம் நின்றுவிட்டோம்.

போளூர் தாண்டியதும் வலது பக்கம் பருவதமலை தெரிந்தது. பெரியப்பா இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டார். அப்புறம்தான் அந்தக் கல்லின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கர்நாடகாவில் ஏதோ சுரங்கத்தில் வேலை பார்த்தார் என்பதுதான். அன்றைக்குத்தான் முழுக்கக் கேட்டேன்.

குதிரைமுகம் சிக்கமகளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு பக்கமிருந்து பார்த்தால் குதிரையின் முகம்போல் தெரியும் சிகரம், 1,894 மீட்டர் உயரம். பத்ரா ஆறு பிறக்கும் மலைத்தொடர் அது. துங்காவும் நேத்ராவதியும்கூட அங்கிருந்துதான். அந்தக் காட்டுக்குள் 1976ல் மத்திய அரசு ஒரு கம்பெனியைத் தொடங்கி, சுரங்கத்துக்காகவே ஓர் ஊரைக் கட்டியது. கம்பெனிக்காரர்கள் குதிரைமுகம் என்றாலும் அந்த இடத்துக்குப் பழைய பெயர் மல்லேஸ்வரா. சிவன் பெயர். பெரியப்பா கடைசிவரை மல்லேஸ்வரா என்றுதான் சொன்னார்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு 1979ல் அங்கே போய்ச் சேர்ந்தார். சேர்ந்த வேளை சரியில்லை. அந்த இரும்பு முழுவதையும் ஈரான் வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம். அவர்கள் கொடுத்த கடன் பணத்தில்தான் ஆலையே எழும்பிக்கொண்டிருந்தது. 1979ல் ஈரானில் புரட்சி வந்து அரசர் போனார், பணமும் நின்றது. ஆலை தயாராகும் நேரத்தில் வாங்க ஆள் இல்லை. "வேலைக்கு வந்து ஆறு மாசம் ஆகல. வேலை இருக்குமா, மூட்ட கட்டணுமான்னு ராத்திரில தூக்கம் வராது. அப்பதான் வேண்டிக்கிட்டேன். வேலை நிலைச்சா உனக்கு ஆளுயர வேல் நடறேன் வேடியப்பான்னு."

பிறகு வேறு நாடுகள் வாங்க வந்தன. வேலை நிலைத்தது. இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தவர் கொல்லுப் பட்டறையில் சொல்லி வேல் அடித்து நட்டிருக்கிறார். சிறுவயதில் நான் எலுமிச்சம்பழம் குத்தி விளையாடி அடி வாங்கிய வேல் அதுதான்.

மலையை எப்படி உடைத்தார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் மாறியது. வெடி வைத்துத் தகர்த்த பாறையை மாவாக அரைப்பார்கள். அந்தத் தாதில் நூற்றுக்கு 38 பங்கு அளவில்தான் இரும்பு. காந்தத்தை வைத்து அதைப் பிரித்து, தண்ணீரில் குழம்பாகக் கரைத்து, 67 கிலோமீட்டர் குழாயில் மங்களூருக்கு அனுப்புவார்கள். மிச்ச மண் லக்யா அணைக்குள் தேங்கும். அந்த அணையே சுமார் 100 மீட்டர் உயரம். "மலை தண்ணியாயி குழாயில ஓடும்மா. குழாய் மேல கை வெச்சா அதிரும். மலை போவுதுன்னு மனசுல தோணும். அடுத்த ஷிப்டு சங்கு ஊதும், மறந்துடுவோம்."

ஆனால் அந்த ஊரைப் பற்றிப் பேசும்போது எழுபது வயது முகத்தில் இருபத்தைந்து வயது தெரிந்தது. வருஷத்துக்கு ஆறாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற இடம். நாலு மாதம் துணி காயாது, அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் உலர்த்துவார்களாம். கன்னடம், துளு, மலையாளம், தெலுங்கு, தமிழ் எல்லாம் ஒரே வரிசை வீடுகளில். பக்கத்து வீட்டுத் துளுக்காரம்மா நீர்தோசை அனுப்பினால் பெரியம்மா பதிலுக்குக் குழிப்பணியாரம் அனுப்புவார். கொட்டும் மழையில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஆடிக்கூழ் ஊற்றியிருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு வீடு உயரமுள்ள டம்பர் வண்டியைக் கழுவி, வாழைமரம் கட்டிப் பொட்டு வைப்பதற்கு ஏணி போட வேண்டும். அக்கா, அண்ணன் இரண்டு பேரும் பிறந்தது அங்கேதான். இருவருக்கும் முதல் சோறு ஊட்டியது ஹொரநாடு அன்னபூரணி சன்னதியில். அந்தக் கோயிலுக்கு வருகிறவர் யாரும் சாப்பிடாமல் திரும்பக்கூடாது என்பது முறை. "கையில காசில்லாத மாசக் கடைசியில அந்தத் தாயிதான் எங்களுக்குச் சோறு போட்டா" என்றார். அதைச் சொல்லும்போது பஸ்ஸிலேயே கண் கலங்கிவிட்டது.

1987ல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. ஆறுகள் சேறாகின்றன, சோலைகள் அழிகின்றன என்று வழக்கு நடந்தது. 2002 அக்டோபர் 30ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுரங்கத்தை மூட 2005 டிசம்பர் 31 கடைசி நாள். சிலர் மங்களூர் ஆலைக்குப் போனார்கள். பெரியப்பா கணக்கு முடித்துக்கொண்டு வேலூருக்கு வந்தார்.

"தீர்ப்பு தப்புன்னு நான் சொல்லமாட்டேன். அந்த ஆத்த நம்பி கீழ எத்தன ஊரு. ஆனா வரிசையா பூட்டின வீட்டப் பாக்க முடியலம்மா. கடைசி நாள் மேஸ்திரிகிட்ட கேட்டுத்தான் இந்தக் கல்ல எடுத்தேன். திருடல."

இனாம்காரியந்தலில் இறங்கி, பங்காளிகள் கொண்டுவந்த வேனில் ஏறினோம். எதிரே கவுத்தி மலையும் வேடியப்பன் மலையும். பெரிய உயரமில்லை. புதர்க்காடு, நடுவே கரும்பாறை. அடிவாரத்தில் எங்கள் ஆட்கள் பொங்கல் வைக்கும் இடத்துக்குக் கோபுரமில்லை, கதவில்லை. ஒரு வேப்பமரம், மஞ்சள் பூசிய கற்கள், சூலங்கள், மழையில் கரைந்த மண் குதிரைகள், பெரியப்பா நட்ட வேல்.

வேடியப்பன் வேட்டையாடிய வீரன். செங்கம், தருமபுரிப் பக்கமெல்லாம் நடுகற்களையே வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். மாடு மீட்கப் போய் மாண்டவன், ஊருக்காகப் புலியோடு சண்டையிட்டவன், அவன்தான் சாமி. செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அந்த நாயின் பெயரையும், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். விசுவாசமாக நின்ற உயிர் எதுவானாலும் அதற்கு ஒரு கல் நட்ட மண் இது. எனக்கு அதில் எப்போதும் ஒரு பெருமை உண்டு.

அந்த வீரர்கள் கையில் பிடித்த இரும்பும் வெளியிலிருந்து வந்ததல்ல. திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய தடயங்கள் கிடைத்தன. அடுத்த மாவட்டமான கிருஷ்ணகிரியின் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022ல் அறிவித்தார்கள். வேடியப்பன் மலையிலும் இருக்கிறது. மழை ஓடிய தடத்தில் செம்மண்மேல் கருமணல் கோடுகோடாகப் படிந்திருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அதில் இழுத்தார்கள். கருப்பு மயிர் முளைத்ததுபோல் மணல் ஒட்டிக்கொண்டது. பெரியப்பா ஒரு கல்லை எடுத்து எனக்குக் காட்டினார். அதே கருப்பு வெள்ளை வரி. "அங்க இருந்ததும் இந்த ஜாதிக் கல்லுதான்" என்றார்.

இதற்காகத்தான் இங்கேயும் சுரங்கம் தோண்டத் திட்டம் வந்தது. பெரியப்பா திரும்பி வந்த சமயம். சுற்றுவட்டாரத்து ஊர்கள் எதிர்த்து நின்றன. எங்கள் பங்காளிகளுக்குள்ளேயே இரண்டு பேச்சு. படித்த பையன்களுக்கு வேலை வரும் என்று சிலர், சாமி மலையைத் தொடாதே என்று சிலர். ஒரு பொங்கல் அன்றைக்கு, "நீ அங்க இருந்தவன், நீயே சொல்லு" என்று எல்லோரும் பெரியப்பாவைக் கேட்டிருக்கிறார்கள். அவர் இரண்டையும் சொன்னாராம். அந்தச் சம்பளத்தில்தான் தங்கைக்குக் கல்யாணம் செய்தேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன் என்றார். இருபத்தைந்து வருஷத்தில் அந்த மலை என்ன ஆனது என்பதையும் சொன்னார். "இந்த மலைக்கு அது வேணாம்" என்று முடித்தாராம். சொன்ன பிறகு ஒரு மாதம் அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று பெரியம்மா பின்னால் என்னிடம் சொன்னார். சாப்பிட்ட இலைக்குத் துரோகம் செய்தேனோ என்று தவித்திருக்கிறார்.

சுரங்கம் வரவில்லை. மலை நிற்கிறது.

பொங்கல் பொங்கி வழிந்தது. தேங்காய் உடைத்துப் படையல் போட்டபின் பெரியப்பா மஞ்சள் துணியைப் பிரித்தார். பூசாரி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேற்று மலைக் கல்லைச் சாமி ஏற்றுக்கொள்ளுமா என்று பூ கேட்க வேண்டும் என்றார். வேடியப்பன் தலையில் இரண்டு பக்கமும் பூ வைத்தார்கள். வலது பக்கப் பூ விழுந்தால் சம்மதம்.

விழவில்லை. ஆடிக்காற்று அப்படி அடிக்கிறது, வேப்ப மரமே ஆடுகிறது, பூ மட்டும் ஒட்டிவைத்ததுபோல் இருந்தது. உடுக்கை நின்றது. பிள்ளைகளும் அடங்கினார்கள். பெரியப்பா இரண்டு கையையும் கூப்பி நின்றார். உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. "அது எனக்குச் சோறு போட்ட மலைப்பா. நான் அத ஒடச்சேன். நீதான் அதுக்கு எடம் குடுக்கணும்."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வலது பக்கப் பூ உருண்டு அவர் காலடியில் விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"பேர் சொல்லு அண்ணா, பூஜை பண்ணணும்" என்றார் பூசாரி.

"மல்லேஸ்வரா."

பூசாரி அந்தப் பெயரைச் சொல்லி மஞ்சள் குழைத்துப் பூசினார், குங்குமம் வைத்தார், வேலுக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டிப் பாதியளவு புதைத்து நட்டார். முதல் கரண்டிப் பொங்கலைப் பெரியப்பா அதன்முன் வாழையிலையில் வைத்தார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வேலூர் திரும்ப இரவு எட்டாகிவிட்டது. பெரியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "ஏத்துக்கிச்சா?" என்று மட்டும் கேட்டார். பிரசாதத்தைக் கொடுத்தேன். மாடத்துப் பலகையில் கல் இருந்த இடத்தில் வட்டமாகக் குங்குமக் கறை. துடைக்கட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்மா" என்றார் பெரியம்மா.