இடது கால் முதலில்

நவம்பர் 9

கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து ரயிலை நிறுத்திவிட்டார்கள். சாலையிலும் மரம் விழுந்திருக்கிறதாம். கோயம்புத்தூர் டாக்டரிடம் வேறு தேதி வாங்கியாயிற்று. இதில் எனக்கு இத்தனை சந்தோஷம் வரக் கூடாது.

நவம்பர் 12

எங்கள் ஃப்ரீமேசன் லாட்ஜில் புதியவர்களைச் சேர்க்க நேற்று நடந்த வாக்கெடுப்பில், வேண்டாம் என்பதற்கான கறுப்பு உருண்டை ஒன்றுகூட விழவில்லை. டிசம்பரில் இரண்டு பேர். இன்று இருவரையும் டீ குடிக்க வரச் சொன்னேன். ஒருவர் பஸ் நிலையத்துக்கு அருகே தங்கும் விடுதி நடத்துகிறவர். “நானே லாட்ஜ் வைத்திருக்கிறேன், எனக்கு எதற்கு இன்னொரு லாட்ஜ் என்று வீட்டில் கேட்கிறார்கள்” என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் நானும் சிரித்துவைத்தேன். வாயடிப்பவர்கள்தான் வாசலில் கால் எழாமல் நிற்பார்கள். எத்தனை பேரைப் பார்த்தாயிற்று.

மற்றவன் கோத்தகிரிப் பக்கத்துப் பையன், கூட்டுறவு வங்கியில் வேலை. எழுந்து போகும்போது மட்டும், “ஐயா, எல்லாம் ஆங்கிலத்திலா?” என்று கேட்டான். ஆமாம் தம்பி, ஆனால் நான் காதோரம் சொல்லிக்கொடுப்பேன், நீ திருப்பிச் சொன்னால் போதும் என்றேன். நம்பவில்லை.

நவம்பர் 15

இவள் கூடத்தில் தைலப் புட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பேரன் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து புட்டியின் வாயிலேயே மூக்கை வைத்தேன். ஒன்றுமில்லை. “வாசனையெல்லாம் தெரிகிறதா?” என்று டாக்டர் கேட்டபோது, நன்றாகத் தெரிகிறது என்று சொல்லியிருந்தேன்.

நவம்பர் 19

ஐந்து பொத்தானுக்கு ஆறு நிமிடம்.

நவம்பர் 24

1961இல் இதே தேதியில்தான் இந்தியாவுக்கென்று தனியாகக் கிராண்ட் லாட்ஜ் வந்தது. அதைக் கொண்டாடப் போகாமல் பையனின் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா என்னைப் பார்க்க வேண்டும் என்றார்களாம்.

டீயும் வர்க்கியும் வைத்துவிட்டு நேரடியாகக் கேட்டார்கள். “மதம் மாற்றுவீர்களா?” இல்லை அம்மா. மேஜையில் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த சாகிப் எல்லாம் இருக்கும், அவரவர் வேதத்தின்மேல்தான் கை வைத்து உறுதி சொல்ல வேண்டும், கடவுள் ஒருவர் உண்டு என்று நம்பாதவனைத்தான் சேர்க்கமாட்டோம் என்றேன். “வெள்ளைக்காரன் சமாச்சாரம்தானே?” லண்டனில் 1717இல் தொடங்கியது என்பது உண்மைதான். ஆனால் 1775லேயே நம் திருச்சியில் ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா சேர்ந்துவிட்டார். விவேகானந்தர் துறவியாவதற்கு முன்பு, 1884இல், கல்கத்தாவில் சேர்ந்தார். விவேகானந்தர் பெயருக்கு அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. முழுதாக இளகியது ஈசானி மூலைக்குத்தான். கடைக்கால் போடும்போது முதல் கல்லை வடகிழக்கில் வைப்பதுபோல, உங்கள் மகனையும் எங்கள் கூடத்தின் வடகிழக்கு மூலையில் நிறுத்துவோம் என்றேன். “அப்படிச் சொல்லுங்கள்” என்று இன்னொரு வர்க்கி எடுத்து வைத்தார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. உள்ளே வருகிறவன் உடம்பில் பணமோ உலோகமோ இருக்கக் கூடாது. பையன் இடுப்பில் வெள்ளி அரைஞாண், அதில் ஒரு தாயத்து. ஐந்து வயதில் ஏதோ காய்ச்சலில் பிழைத்தபோது கட்டியது. அம்மா பேசவில்லை. பையன் தரையைப் பார்த்தான். நான் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் ஆட்டோக்காரர், அந்தக் கூடத்தில் தலையை வெட்டி ஒட்டவைப்பார்களாமே என்றார். ஒட்டாமல் போனது உண்டா என்று கேட்டேன். அப்புறம் வண்டியில் பேச்சே இல்லை.

டிசம்பர் 1

ஒத்திகை. புதியவரைக் கூட்டிவரும் ஜூனியர் டீக்கன் என்பதால் அவருடைய வலப்பக்கம் நான். என் வலது கையில் கோல். இடது கையால் அவருடைய வலது கையைப் பிடித்து நடத்த வேண்டும். கண் கட்டியிருக்கும் (இது ஊரறிந்த சங்கதி, ரகசியம் ஒன்றையும் நான் உடைத்துவிடவில்லை). அவருக்கு அந்த ஒரு கைதான் தெரியும். குரல்கள் எங்கிருந்தோ வரும், தட்டும் ஓசை வரும். எதுவும் பிடிபடாது. கை பிடிபடும். அது இறுகினால் நில், தளர்ந்தால் நட. “இடது கால் முதலில்” என்று நான் தமிழில்தான் முணுமுணுப்பேன். லாட்ஜின் தலைவராக இருந்த ஒரு மாஸ்டர் இதற்காக என்னை ஒரு தடவை முறைத்திருக்கிறார்.

இடது கையால் சாப்பிடக் கூடாது என்று பாட்டி முந்தானையால் அதை நாற்காலியோடு கட்டிவைப்பாள். எழுதுவதை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. பிற்பாடு அந்தக் கைக்குத்தான் இந்த வேலை கிடைத்தது என்று தெரிந்தால் பாட்டி என்ன சொல்லியிருப்பாள்.

நடக்கும்போது இல்லை. நின்றால் வருகிறது. முதலில் கட்டைவிரல், அப்புறம் ஆள்காட்டிவிரல், மாத்திரை உருட்டுவதுபோல. வடகிழக்கு மூலையில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும்.

டிசம்பர் 6

“கையை வீசி நடங்களேன், ஒரு பக்கம் பொம்மை மாதிரி தொங்குகிறது” என்றாள். குளிர் என்றேன்.

டிசம்பர் 7

இன்று மாலை. வெள்ளைக் கையுறையை இரண்டு தடவை கீழே போட்டேன்.

டிசம்பர் 8

தூங்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

விடுதிக்காரர் விஷயத்தில் என் கணக்குத் தப்பிப்போனது. கன்றுக்குட்டிபோல வந்தார். நான் எங்கே இழுத்தாலும் அங்கே. வடகிழக்கு மூலையில், ஏழை எளியவருக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்கிற இடம் உண்டு. கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்காது, அதற்காகத்தான் எல்லாவற்றையும் வெளியே வாங்கி வைக்கிறோம். எல்லாரும் செய்வதுபோல அவரும் சட்டைப்பையைத் தேடினார். பிறகு இல்லை என்று தலையாட்டினார். அப்புறம் அழுதார். பிற்பாடு விருந்தில், “வாடகை தரமுடியாத ஆளைப் போன மாதம் ராத்திரியில் அனுப்பினேன் பிரதர்” என்றார். அதோடு சாப்பிடவும் இல்லை.

பையன். வெளிவாசல் காவலர் என்னைக் கூப்பிட்டு, உலோகம் ஒன்றும் இல்லை, பார்த்துவிட்டேன் என்றார். இடுப்பில் புதுக் கறுப்புக் கயிறு, தாயத்து இல்லை. அம்மாவே கழற்றிவிட்டுக் கட்டினார்களாம். கையைப் பிடித்தேன். ஈரமாக, ஐஸ்போல இருந்தது. சுற்றி வந்தோம். அவன் சொன்ன ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. மூலையில் நின்றோம். மாஸ்டர் பேசப் பேச, வந்துவிட்டது. விரல்கள் அவன் விரல்களுக்குள் உருள ஆரம்பித்தன. இறுக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. அவன் உடம்பு விறைத்தது. கட்டை அதற்கு முன்பே அவிழ்த்தாயிற்று, கண் திறந்துதான் இருந்தது, ஆனால் குனிந்து பார்க்கவில்லை.

விருந்து முடிந்து கணப்பு அருகே வந்து நின்றான். “மன்னிக்க வேண்டும் ஐயா. அங்கே நிற்கும்போது என் கை ரொம்ப நடுங்கிவிட்டது. உங்களுக்குச் சிரமம்.”

பரவாயில்லை தம்பி, எல்லாருக்கும் வரும் என்றேன்.

டிசம்பர் 9

எல்லாருக்கும் வரும் என்றேனா.

டிசம்பர் 13

கோயம்புத்தூர். பர்லியாறு தாண்டும்போது காது அடைத்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். ஒரு நத்தைச் சுருள் வரையச் சொன்னார். வாசனை பற்றி மறுபடி கேட்டார். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு ஜனவரியில்.

டிசம்பர் 14

போன மார்ச் மாதப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அங்கே வரிக்கு ஆறு சொல். இங்கே பதினொன்று.

டிசம்பர் 21

பையன் வந்தான். அரைஞாண் திரும்பவும் இடுப்பில். அடுத்த படிக்கும் நீங்கள்தானே கூட்டிப்போவீர்கள் என்றான். இல்லை, இரண்டாம் படிக்குச் சீனியர் டீக்கன், நான் ஜூனியர் என்றேன். அவன் முகம் வாடியது. சொல்ல வாயெடுத்தேன். இவள் டீ கொண்டுவந்துவிட்டாள்.

டிசம்பர் 29

மாஸ்டர் அழைத்தார். வரும் ஆண்டுக்கு என்னைச் சீனியர் டீக்கனாகப் போட்டிருக்கிறாராம். பையனை நானே கூட்டிப்போகலாம். யோசிக்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது பிரதர் என்றார்.

ஜனவரி 3

தலைகுந்தாவில் உறைபனி. இங்கேயும் காலையில் புல்வெளி வெள்ளை. ஊரே நடுங்குகிறது, யாரும் என் கையைப் பார்ப்பதில்லை.

ஜனவரி 5

நாளை பத்தரைக்கு டாக்டர். அதற்கு முன்பே பையனிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். மணி அடிக்கிறது.