நெட் தேர்வுக்குக் காசிமேட்டில் படித்தேன்

கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான நெட்டை முதல் தடவை எழுதியபோது, விஷுவல் ஆர்ட் தாளில் என்னைக் கவிழ்த்தவை கப்பல்கள். ஓவியம், ஓவியர், ஆண்டு என்று அட்டவணை போட்டு, கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து உருப்போட்டிருந்தேன். கால வரிசை கேட்டார்கள். ஆங்கிலேய ஓவியர் டர்னர், பிரெஞ்சு ஓவியர்கள் பூதேன், மோனே மூவரின் கடலும் ஒன்றாகக் கலந்துவிட்டது.

அடுத்த தடவை அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, விடியற்காலையில் ஸ்கெட்ச் நோட்டோடு சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். யோசனை பூதேனிடம் திருடியதுதான். 1824-ல் ஹோன்ஃப்ளரில் பிறந்தவர். சிறுவயதில் படகில் எடுபிடி வேலை பார்த்தவர். வானத்தை வரைந்தால் கூடவே தேதி, நேரம், எந்தக் காற்று என்று குறித்துவைப்பார். நானும் ‘காலை 6.10, வாடை’ என்று எழுதினேன். வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். “வாடை இல்லம்மா, இது கொண்டலு. கடல்லேந்துதானே வருது?” அதற்குப் பிறகு பூதேன் எனக்கு மறக்கவே இல்லை.

1860-களில் பிரான்ஸின் துருவில் (Trouville) என்ற ஊரில் அவர் வரைந்த கடற்கரைப் படங்களை மெரினாவை மனதில் வைத்துப் பாருங்கள். அகலப் பாவாடையும் நாற்காலியுமாக வசதியானவர்கள் காற்று வாங்குகிறார்கள். (சுண்டல்காரர்தான் இல்லை.) அடிவானம் தாழ்ந்து, படத்தில் பெரும்பகுதி வானம். மெரினாவில் மாலை வெயில் நம் முதுகில் விழும்; துருவில் கரை வடமேற்கைப் பார்ப்பதால் அங்கே பொழுது கடல் பக்கம் சாயும். கூட்டத்தின் மேல் விழும் வெளிச்சமே வேறு.

பதின்வயது மோனேயை வெளியே கூட்டிப்போய் வரையப் பழக்கியவரும் பூதேன்தான். குரு முன்னால், சிஷ்யன் பின்னால்: வரிசை தானாக வந்துவிடுகிறது. லெ ஹாவ்ர் துறைமுகத்துச் சூரியோதயத்தை மோனே வரைந்தது 1872-ல். 1874 கண்காட்சியில் அதை ‘இம்ப்ரெஷன், சன்ரைஸ்’ என்ற தலைப்பில் வைத்தபோதுதான் அவர்கள் பாணிக்கு இம்ப்ரெஷனிஸம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் படத்தைப் போனில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். சுற்றியிருக்கும் சாம்பலும் அந்த ஆரஞ்சும் ஒரே அளவு வெளிச்சம் கொண்டவை. காசிமேட்டில் நான் எடுத்த சூரியோதயப் படத்தில் இது நடக்கவில்லை. சூரியன் வெள்ளை வட்டமாகவே நின்றது.

டர்னரின் ‘டெமரேர்’ 1839. 1805 டிரஃபால்கர் போரில் நின்ற பாய்மரக் கப்பலை, உடைப்பதற்காக ஒரு நீராவிப் படகு இழுத்துப் போகிறது. நிஜத்தில் பாய்மரங்களை அதற்கு முன்பே கழற்றிவிட்டார்கள், டர்னர் விட்டுவைத்தார். பழுதான விசைப்படகை இன்னொன்று கயிறு கட்டி இழுத்து வந்ததை ஒரு நாள் பார்த்தேன். அன்றிலிருந்து 1839 மனதில் நின்றுவிட்டது.

இந்தியக் காட்சிகளை வரைந்த ஆங்கிலேய ஓவியர்களான டேனியல்களின் 144 அக்வாடின்ட் அச்சுப் படங்களை மட்டும் எண்ணோடு மனப்பாடம் செய்யுங்கள், வேறு வழியில்லை.

இரண்டாம் தாளில் 100 கேள்வி, தலா 2 மதிப்பெண். தப்புக்கு மார்க் குறைப்பதில்லை, எதையும் விடாதீர்கள். நான் தேறினேன், ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்கவில்லை. காசிமேடு போவதாக இருந்தால் பழைய செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்; ஏலம் நடக்கும் இடத்தில் மட்டும் நோட்டை விரித்துக்கொண்டு நிற்காதீர்கள்.