மோர்னிங்சைட் பார்க்கில் ஒடியல் கூழும் எங்கள் வகுப்பும்

நேற்றுத்தான் ரொறன்ரோவிலிருந்து இலண்டன் திரும்பினேன். பெட்டியை இன்னும் திறக்கவில்லை, உடம்புக்கு இரவா பகலா என்று பிடிபடவில்லை, ஆனாலும் எழுதாமல் படுக்க மனம் வரவில்லை. யாழ்ப்பாணம் தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பழைய மாணவர்களின் கோடை ஒன்றுகூடலுக்குப் போய் வந்த கதை இது. வேறு நாடுகளிலிருந்து போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று ரிக்கெற், போக்குவரத்து, சாப்பாடு எல்லாவற்றையும் வரிசையாக எழுதுவதாகத் தோழிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பார்ப்போம்.

முதலில் காசு. ஓகஸ்ட் மாதம் பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் விமான ரிக்கெற் 780 பவுண். வைகாசியில் போனால் இதில் பாதிதான் முடிந்திருக்கும், ஆனால் பார்க்கில் ஒன்றுகூட வெயில் வேண்டுமே. எட்டு மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அது. தங்குமிடத்துக்குச் செலவில்லை, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவளின் வீடு.

அப்படிச் சேர்த்த காசில்தான் அந்த ராக்சிக்காரன் கை வைத்தான். பியர்சன் விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்ததும், கட்டடத்துக்குள்ளேயே நின்ற ஒருவன், "அக்கா, ஸ்காபரோவோ? 65 டொலர் தாங்கோ போதும்" என்றான். ஊர்த் தமிழ் கேட்டதும் எனக்கு மனம் இளகிவிட்டது. வழி முழுக்க ஊர்க்கதை, அம்மா சுகமோ, பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரிப்பு. வீட்டு வாசலில் பெட்டியை இறக்கிய பிறகு 110 கேட்கிறான். ஏனென்றால் 407 நெடுஞ்சாலைக்குச் சுங்கக் கட்டணமாம். இரவு பதினொரு மணி, தெருவில் நின்று சண்டை பிடிக்க விருப்பமில்லை, கொடுத்துவிட்டேன். அடுத்த நாள் காலை தோழியின் கணவர், "வரேக்கை என்ன பெயர்ப் பலகையள் பாத்தனீங்கள்?" என்று கேட்டார். அலன் ரோட், அவெனியூ ரோட், விக்ரோறியா பார்க் என்று நினைவில் இருந்ததைச் சொன்னேன். அதெல்லாம் 401. அதில் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை! சுங்கம் எடுக்கும் 407 அதற்கு வடக்கே வேறாகப் போகிறது. 45 டொலரை விட அந்தப் பொய்தான் எனக்கு எரிச்சல். "அக்கா" என்று கூப்பிட்ட வாயால் சொன்ன பொய். ஆகவே சொல்கிறேன், உள்ளே வந்து கூப்பிடுகிறவனோடு யாரும் போக வேண்டாம், அவன் என்ன தமிழ் பேசினாலும் சரி. வெளியே ராக்சி வரிசையில் நின்று ஏறுங்கள். பெட்டி சிறிதென்றால் 900 ஆம் இலக்க பஸ்ஸில் கிப்லிங் வரை வந்து, அங்கிருந்து இரண்டாம் பாதைச் சுரங்க ரயிலில் கடைசி வரை இருந்தால் கென்னடி நிலையம். பிரெஸ்டோ என்ற பயண அட்டையில் மொத்தமே 3 டொலர் 30 சதம். திரும்பும்போது நான் அப்படித்தான் போனேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மோர்னிங்சைட் பார்க் பெரிய காடு மாதிரி. நடுவே ஹைலண்ட் கிறீக் ஓடுகிறது, நாலு பக்கமும் மேப்பிள் மரங்கள். காலை பத்து மணிக்கே கிடாரம் ஏற்றிவிட்டார்கள். புகைக்குப் பக்கத்தில் நாலைந்து அக்காமார் ஒடியல் மாவை (காய்ந்த பனங்கிழங்கு மா) ஊறவிட்டுக் கயர்ப்புத் தண்ணீரை வடித்துக்கொண்டு நின்றார்கள். நண்டு, இறால், மீன் தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கை இலை எல்லாம் தனித்தனிப் பாத்திரத்தில் தயாராக இருந்தன. மாவை ஒருவர் போன மாதம் ஊரிலிருந்து கொண்டு வந்தாராம். பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்ந்து கொதித்து, பிறகு அந்த மா கரைந்து தடித்து வரும்போது எழும்பும் வாசம் இருக்கிறதே, கார் நிறுத்துமிடம் வரை வந்து ஆட்களைக் கூப்பிட்டது. பிலாவிலை கிடையாது, கடதாசிக் கோப்பைதான். மூன்று கோப்பை குடித்தேன். மூன்றாவதில் ஒரு முழு நண்டுக்கால் கிடைத்தது, மூக்கால் தண்ணீர் ஓட ஓட உறிஞ்சினேன். இலண்டனில் எத்தனையோ கடைகளில் கூழ் என்று வாங்கிக் குடித்திருக்கிறேன், அவை எல்லாம் மீன் ரசம்.

நூறு டொலர் ரிக்கெற் போட்டு மண்டபம் எடுத்து இரவு விருந்து வைப்பதை விட இப்படிப் பார்க்கில் கூடுவது ஆயிரம் மடங்கு நல்லது என்பது என் உறுதியான எண்ணம். மண்டபத்தில் வட்ட மேசைக்கு எட்டுப் பேர், அவர்களோடுதான் இரவு முழுக்க. இங்கே ஒரு மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிக்கு நடந்தால் பத்து வருடம் பின்னே போகலாம். காசில்லாதவரும் வரலாம், பேரப்பிள்ளைகளும் வரலாம். தேசிக்காய் ஓட்டம், சங்கீதக் கதிரை, கயிறிழுத்தல் எல்லாம் நடந்தன. உதைபந்தாட்டத்துக்குப் பேர்போன பள்ளிக்கூடம் அல்லவா, ஐம்பது தாண்டியவர்கள் இங்கே பிறந்த பிள்ளைகளோடு மோதி 2-1 என்று வென்றார்கள். வென்ற பிறகு ஒருவரும் அரை மணித்தியாலம் புல்லை விட்டு எழும்பவில்லை.

எங்கள் வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாவலர் துரையப்பாபிள்ளை 1910 இல் தொடங்கிய பள்ளிக்கூடம், ஈழத்துக் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தி படித்த பள்ளிக்கூடம் என்ற பெருமையெல்லாம் எல்லா வகுப்புக்கும் பொது. நாங்கள் 1990 இல் ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுத இருந்தவர்கள். அந்த ஜூனில் மறுபடி சண்டை தொடங்க, காங்கேசன்துறைப் பக்கம் ஊர் ஊராக எழும்பியது, பள்ளிக்கூடமும் இடம்பெயர்ந்தது. பிரியாவிடை இல்லை, வகுப்புப் படம் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை கொப்பியை மூடிவிட்டு வீட்டுக்குப் போன 38 பேர் அதன் பிறகு ஒன்றாக இருக்கவே இல்லை. இந்த முறை பதினொரு பேர் வந்தோம். கனடாவில் இருப்பவர்கள் எட்டுப் பேர், பாரிஸிலிருந்து ஒருத்தி, நோர்வேயிலிருந்து ஒருத்தி, அப்புறம் நான்.

மத்தியானம் கணக்குச் சேர் வந்தார். 84 வயது. மடக்குக் கதிரையில், ஓகஸ்ட் வெயிலிலும் கழுத்துத் துணியோடு. நாங்கள் சுற்றி நிலத்தில் இருந்தோம்.

"என்ன வருசம் பிள்ளையள்?"

"தொண்ணூறு ஓ.எல், சேர்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "சோதினை எங்கை எழுதினனீ?" என்று கேட்டார்.

எங்களுக்கு முந்திய எந்த வகுப்பிடமும் அவர் இதைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, அவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடம் இருந்த அம்பனையில்தான் எழுதினார்கள். நான் மானிப்பாய் என்றேன். ஒருத்தி கொழும்பில், ஒரு வருடம் பிந்தி. ஒருவன் வவுனியா. இப்படி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வர, எனக்கே முதல் தடவையாகத் தெரிந்தது, இத்தனை வருடமாக வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் சொல்லும் நாங்கள் ஒருவரையொருவர் இதைக் கேட்டதே இல்லை. நோர்வேக்காரியின் முறை வந்தது. அங்கே வடக்கில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் தொடங்கி இப்போது முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள்.

"நான் எழுதேல்லை, சேர்."

அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "நீ தேற்றம் வடிவா எழுதுவாய். கீழை ரெண்டு கோடு போட்டு முடிப்பாய்" என்றார்.

அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. சேருக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு கல்லூரிக் கீதம் பாடினார்கள், எங்கள் பதினொரு பேரில் பாதிப் பேருக்குத் தொண்டை அடைத்துக் குரலே வரவில்லை.

தங்குமிடம் பற்றியும் சாப்பாட்டுக் கடைகள் பற்றியும் விபரமாக எழுதுவதாகச் சொன்னேன், மன்னிக்க வேண்டும், இப்போது முடியவில்லை. அடுத்த கோடைக்காக இன்றிலிருந்து மாதம் 60 பவுண் தனியாக எடுத்து வைக்கத் தொடங்கியிருக்கிறேன். மெல்பேர்னில் எங்கள் வகுப்பில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்கள் சோதனை எங்கே எழுதினார்கள் என்று இன்னும் கேட்கவில்லை. அங்கே விடிந்ததும் எடுக்க வேண்டும்.