மாத்திரை போட்டால் பாட்டு நின்றுவிடுமா?

கூடலூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தான். கிதார் வாசிக்கிறவன், சொந்தமாகப் பாட்டு கட்டுகிறவன். மனநல மருத்துவர் லித்தியம் (பைபோலார் என்ற மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரை) எழுதிக் கொடுத்திருக்கிறார். இவன் இன்னும் மாத்திரை வாங்கவில்லை. "அக்கா, இதைப் போட்டா பாட்டு வர்றது நின்னுடும்னு பசங்க சொல்றாங்க. உங்களுக்கு நின்னுச்சா?" அவனுக்கு மட்டும் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இதே கேள்வியை வேறு வேறு விதமாகப் பலர் கேட்டுவிட்டார்கள், அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

நிற்கவில்லை தம்பி. மெதுவாகிவிட்டது.

நான் தோட்டத்து வீட்டுப் பெண். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களைப் போட்டது. கோத்தகிரிப் பக்கம் ஒரு லைன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், பிறந்தேன். கிதார் வந்தது சர்ச் வழியாக. ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனை, டிசம்பரில் வீடு வீடாகக் கேரல் ரவுண்ட். குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பக்கம் கிதார் பிடிக்கத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இதே கதையைத்தான் சொல்வார்கள். கோவையில் படித்துவிட்டுத் திரும்பியபோது, மலையில் இசையை வைத்துச் சம்பாதிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி ரிசார்ட்.

இரவு ஏழரைக்கு ஆரம்பம். புல்தரையில் தீ மூட்டியிருப்பார்கள். வந்திருப்பவர்கள் பெங்களூர், சென்னை, கோவைக்காரர்கள். முதல் ஒரு மணி நேரம் இளையராஜா, அடுத்து ரஹ்மான், பத்து மணிக்கு மேல் யார் எதைக் கேட்டாலும் வாசிக்க வேண்டும். நடுவில், யாரும் கவனிக்காத நேரம் பார்த்து என் பாட்டு ஒன்றிரண்டை நுழைத்துவிடுவேன். சம்பளம் மாதக் கடைசியில் வரும், சில சமயம் அடுத்த மாதக் கடைசியில் வரும். குடி மட்டும் அன்றன்றைக்கே, கேட்காமலே. "குளிருக்கு ஒண்ணு போட்டுக்கோங்க மேடம்." ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி விழும் ஊரில் அதை மறுப்பது கஷ்டம். (உண்மையில் மது உடம்பைச் சூடாக்குவதில்லை. தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் விரிவதால் சூடான மாதிரி தெரியும். உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். நீலகிரியில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.)

நிகழ்ச்சி இல்லாத நாட்களிலும் தேவைப்பட ஆரம்பித்தபோது ஒரு சிக்கல் வந்தது. எங்கள் ஊரில் ஒரு பெண் டாஸ்மாக் கவுன்டரில் போய் நிற்க முடியாது. நின்றால், நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி அம்மாவிடம் சேர்ந்திருக்கும். அதனால் ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யும் பையன் ஒருவன் வாங்கித் தருவான். 2022 மே மாதத்திலிருந்து நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். காட்டோரம் வீசும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம். நல்ல திட்டம். எங்கள் ஏற்பாட்டில் காலி பாட்டிலும் அந்தப் பத்து ரூபாயும் பையனுக்கு. ஒரு நாள் சந்தோஷமாகச் சொன்னான்: "அக்கா, இந்த மாசம் உங்க பாட்டில் காசுலயே ஃபோன் ரீசார்ஜ் பண்ணிட்டேன்க்கா." ரீசார்ஜ் முந்நூறு ரூபாய். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில் ஓர் ஏப்ரல். இன்றைக்கும் நண்பர்கள் பொறாமையோடு பேசும் ஏப்ரல். வழக்கமாக வீடு வந்து படுக்க இரண்டு, மூன்று மணி ஆகும். அந்த மாதம் படுக்கவே தோன்றவில்லை, சோர்வும் இல்லை. ஃபோனில் பாட்டு பாட்டாகப் பதிவு செய்தேன். இ.எம்.ஐ.யில் மைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கினேன். விடியற்காலை மூன்று மணிக்குச் சென்னையிலிருந்த ஒரு சவுண்ட் இன்ஜினீயரை எழுப்பி, இதெல்லாம் ஒரே நீண்ட பாட்டு, பிரிக்கவே கூடாது என்று விளக்கினேன். பாவம், கேட்டுக்கொண்டார். அப்புறம் ஐப்பசி மழை ஆரம்பித்தபோது (கூடலூரில் ஆடியில் கொட்டும், எங்கள் பக்கம் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான்) கிதாரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கக்கூட முடியவில்லை. ஈரத்தில் கம்பிகள் பச்சை பூத்துக் கிடந்தன.

அந்த ஏப்ரல் பதிவுகளை, மருந்து தொடங்கி வெகுநாள் கழித்து, உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். முக்கால்வாசியும் அதே மூன்று கார்டு, அதே நாலு வரி, தொண்டை கிழியக் கத்தல். ஒரே ஒரு பல்லவி நன்றாக இருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டேன். சரணங்கள் எழுதி முடிக்க மாதக்கணக்கில் ஆனது. பெரும்பகுதி கோத்தகிரி பஸ்ஸில் எழுதியது. இப்போது நான் எங்கே பாடினாலும் கேட்டு வாங்குவது அந்தப் பாட்டைத்தான். பல்லவி ஏப்ரலுடையது, சரணங்கள் லித்தியத்துடையவை.

அந்த மழைக்காலத்தில்தான் குடியை நானாகவே நிறுத்தப் பார்த்தேன், கதவைச் சாத்திக்கொண்டு. தயவுசெய்து யாரும் இப்படிச் செய்ய வேண்டாம். தினமும் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் புத்தி தடுமாறிப் போகலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். எனக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, சமையலறையில் யாரோ கீர்த்தனை பாடுவது கேட்டது. அங்கே யாரும் இல்லை. அடுத்தது வலிப்பு. அம்மா இரும்புச் சாவியைக் கையில் திணித்தாராம். பக்கத்து வீட்டு மாமா 108-க்கு அடித்தார். ஆஸ்பத்திரியில் தயமின், அதாவது வைட்டமின் பி1, ஊசியாக ஏற்றினார்கள். கூடவே நடுக்கத்தை அடக்கும் மாத்திரை, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே. வெறும் மன உறுதியால் ஆகிற காரியம் இல்லை இது.

வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒரு சித்தி கொண்டுவந்தது, பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டியிருக்குமே, "குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்" என்று, அந்த மாதிரிப் பொடி. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். மருத்துவர் எழுதி, சாப்பிடுகிறவரும் தெரிந்து ஒப்புக்கொண்டால்தான் அது மருந்து. தெரியாமல் ரசத்தில் கலந்து ஊற்றினால் விஷம் வைப்பதற்குச் சமம். அம்மா அந்தப் பொட்டலத்தைச் சித்தி கண் முன்னாலேயே அடுப்பில் போட்டார்.

மறுவாழ்வு மையம் தேடியபோது, நான் விசாரித்த இடங்களில் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் படுக்கை இருந்தது. குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிப் பேசும் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். வாசலில் நின்ற அண்ணன் மரியாதையாகக் கேட்டார்: "நீங்க யாரோட வீட்டுக்காரம்மா?" நான்தான் குடிக்கிறவள் என்றதும் அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஆனால் நாற்காலி போட்டுக் கொடுத்தார், டீயும் வந்தது. இப்போதும் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஒரு ராத்திரி, குடிக்க வேண்டும் என்பதைவிட இல்லாமலே போய்விட வேண்டும் என்று தோன்றியது. 14416-ஐ அழைத்தேன். டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். பேசிய பெண் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டீங்களா?"

மனநல டாக்டர் குடியைப் பற்றிக் கேட்டதைவிட அந்த ஏப்ரலைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். தூங்காமலே சோர்வில்லாமல் இருந்தீர்களா, காசு தண்ணீராகச் செலவானதா, பேச்சு வேகமானதா என்று. பைபோலார் என்றார், இருதுருவ மனநோய்: அந்த ஏப்ரல் மாதிரி மனம் ஒரேயடியாக மேலே ஏறும், அந்த மழைக்காலம் மாதிரி ஒரேயடியாகக் கீழே இறங்கும். தூக்கம் கெட்டாலே இந்த நோய் கிளம்பும் என்றும் சொன்னார். ராத்திரி வேலை, இலவசக் குடி, விடிய விடிய விழிப்பு என்று என் பிழைப்பே நோய்க்குத் தீனி போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கலைஞர்கள் என்றாலே கொஞ்சம் அப்படித்தான் என்று தோளில் தட்டிய ஒருவர்கூட, நிகழ்ச்சியைச் சாயங்காலம் நாலு மணிக்கு வைத்துக்கொள்ளலாமே என்று சொன்னதில்லை. எனக்கு இன்னும் கோபம் வருவது அதில்தான்.

இனி லித்தியம். ரத்தத்தில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று அளப்பார்கள். பொதுவாக 0.6-லிருந்து 1.0 வரை இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்கு மாத்திரை என்றால் காலை ஒன்பதுக்கு லேப். தைராய்டும் சிறுநீரகமும் அவ்வப்போது பார்ப்பார்கள். குளிர் ஊரில் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவோம், அது அளவை ஏற்றிவிடும். தலைவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஐப்யூபுரூஃபனும் ஏற்றும். நாள் முழுக்க டீ குடிக்கிறவர் சட்டென்று டீயை நிறுத்தினாலும் ஏறும், தேயிலை ஊர்க்காரர்கள் கவனிக்கவும். நன்றாகிவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், நோய் திரும்பி வரும்.

கை நடுக்கம் வரும், அதை மறைக்க மாட்டேன். மோதிர விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டாக்டர் முன்னால் அழுதேன். அவர் அளவைக் கொஞ்சம் குறைத்து, இரவு ஒரே வேளையாக மாற்றினார், பெரும்பகுதி அடங்கியது. மிச்சத்துக்கு வாசிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன்: வேகமான ஆர்பெஜியோவை (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) விட்டுவிட்டுக் கட்டைவிரலில் பேஸ், நிதானமாக. அதைக் கேட்ட ஒரு நண்பர் "உன் ஸ்டைல் நல்லா முதிர்ந்திருக்கு" என்றார். விளக்கவில்லை.

இப்போது ரிசார்ட்டுகளில் மாலை நாலு முதல் ஆறு வரை மட்டும் வாசிக்கிறேன். பணம் அன்றைக்கே, கையில். பழைய வருமானத்தில் பாதிதான். மிச்சத்தைக் கிதார் வகுப்பும் சர்ச் கல்யாணங்களும் ஈடுகட்டுகின்றன. ஆன்லைனை நம்பி நான் அரிசி வாங்குவதில்லை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்பட்டால்தான் அது ராயல்டி கணக்கில் வரும். என் பாட்டுகளில் அந்தக் கோட்டைத் தாண்டியவை கொஞ்சம்தான்.

டிசம்பர் 31-க்கு ஒரு ரிசார்ட்டில் மூன்று மடங்கு பணம் தருவதாகக் கூப்பிட்டார்கள், இரவு பத்திலிருந்து ஒன்று வரை. முடியாது என்றேன். அதே ராத்திரி சர்ச்சிலும் நள்ளிரவு ஆராதனை உண்டு. அதற்கும் வர முடியாது, மாத்திரை, தூக்கம் என்று பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, நீ போய் நேரத்துல படு. ஆனா ஒண்ணாம் தேதி காலையில தமிழ் ஆராதனைக்கும் நீதான், இங்கிலீஷ் ஆராதனைக்கும் நீதான்" என்றார். இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரம்தான் இருக்கிறது. டீ உண்டா என்று கேட்டு வைத்திருக்கிறேன்.