போனைப் பிடுங்குவதற்கு முன்னால்

ஜூன் 14, 2025, சனி

மகள் ஏழாவது படிக்கிறாள். வீட்டுப்பாடமெல்லாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வருவதால் சாயங்காலம் ஆனால் என் போன் அவள் கையில்தான், பாடம் முடிந்தால் கேம். இன்று ராத்திரி சோறு போடும்போது, "அம்மா, ஆறு நம்பர் ஒண்ணு வரும், அதைச் சொன்னா கேம்ல டைமண்ட் தர்றேன்னு ஒரு அக்கா சொல்றாங்க, சொல்லட்டுமா?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். ரெட்டைச் சடை போட்ட பிள்ளையின் படம். முதலில் மலையாளம், இவள், கேரளத்தில் தமிழ் பேசும் எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறை என்றதும் பேச்சு தமிழுக்கு மாறியிருக்கிறது. எந்த ஸ்கூல், வீட்டில் யார் யார், அம்மா வேலைக்குப் போவாங்களா. கடைசியில், "அம்மாகிட்ட சொல்லாதே, போனைப் பிடுங்கிக்குவாங்க."

அந்த ஆறு எண் வாட்ஸ்அப் ஓடிபி. சொல்லியிருந்தால் என் கணக்கு இந்நேரம் வேறு யார் போனிலோ திறந்திருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

இனி போனே கிடையாது என்றார் வீட்டுக்காரர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவள் வந்து கேட்டதால்தான் நமக்கே தெரிந்தது, கேட்டதற்குத் தண்டனை கொடுத்தால் அடுத்த தடவை யாரிடம் போய்க் கேட்பாள்? எதிரில் இருக்கிற ஆள் நம்பியிருப்பதே அந்தப் பயத்தைத்தானே. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி என்றார்.

அரட்டையை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம், அப்புறம்தான் ரிப்போர்ட், பிளாக். எல்லாம் அவளையே அழுத்தச் சொன்னேன். "நிஜமாவே அக்காவா இருந்தா பாவம்மா" என்றாள். "யாரா வேணா இருக்கட்டும் கண்ணு, அம்மாகிட்ட சொல்லாதேன்னு ஒருத்தர் சொன்னா அதை முதல்ல எங்கிட்டதான் சொல்லணும். போனை வாங்க மாட்டேன், திட்டவும் மாட்டேன்." அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொன்னேன்.

ஜூன் 21, சனி

பொள்ளாச்சியிலிருந்து சித்தி மகள் போனில் அழுதாள். அவள் பையன் பிளஸ் ஒன். பெண் என்று சொல்லிப் பழகிய யாரோ அவனிடம் அந்தரங்கப் படம் ஒன்றை வாங்கிவிட்டு, பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்புவேன் என்கிறார்களாம். பையன்தானே என்று நம்மவர்கள் அசட்டையாக இருப்பது எனக்கு ஆறவே இல்லை, இந்த மிரட்டலில் பையன்கள் நிறைய மாட்டுகிறார்கள்.

பைசா அனுப்பாதே என்றேன், ஒருமுறை கொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சைபர் குற்றத்துக்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம், பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930 என்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடணும். 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவசச் சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த படம் போனை விட்டு வெளியே போகாமலே அதற்கு ஓர் அடையாளக் குறியீடு மட்டும் உருவாகும், அதை வைத்து இன்ஸ்டாகிராம் மாதிரியான தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். பேர் வெளியே வந்துவிடுமோ என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கிற 2012 போக்சோ சட்டம் பையன், பெண் இருவருக்கும் பொது, அதன் 23ஆம் பிரிவு பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக்கூடாது என்கிறது. எல்லாவற்றுக்கும் முதலில், அவனைத் தனியாக விடாதே, இன்றைக்கு ராத்திரி பக்கத்திலேயே படுத்துக்கொள் என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

பெற்றோர் கூட்டம். இதைப் பற்றிப் பேச டீச்சரிடம் நேரம் கேட்டு வாங்கினேன். முடிந்து வெளியே வந்ததும் ஓர் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அந்த நம்பரை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். எதற்கென்று கேட்கவில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐயும் சேர்த்து அவர் பையின் ஓரத்தில் இருந்த பஸ் டிக்கெட்டில் எழுதிக் கொடுத்தேன்.