நெட் உளவியல்: மூட் டிஸார்டர், ஈட்டிங் டிஸார்டர் பகுதியை நான் படித்த விதம்

கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் எழுதும் நெட் தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது. ஜே.ஆர்.எஃப். என்ற அந்த உதவித்தொகை கிடைத்திருக்கிறது. பாஸானதும் பலர் என்னிடம் கேட்டது ஒரே பகுதியைப் பற்றித்தான்: மனநிலைக் கோளாறுகளிலும் உணவுக் கோளாறுகளிலும் நடந்த மரபியல் ஆய்வுகள், அதோடு பின்னிக் கிடக்கும் உளவியல் கோட்பாடுகள். பாடத்திட்டத்தின் யூனிட் 4-உம் 9-உம் சந்திக்கும் இடம். பேப்பர் 1, டைம்டேபிள், எந்தப் புத்தகம் என்பதையெல்லாம் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் இதை மட்டும் எழுதுகிறேன்.

எனக்குக் கை கொடுத்தது ஒரே ஒரு கேள்வி. எந்த ஆய்வைப் படித்தாலும் "சரி, அதற்குப் பிறகு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அதற்குப் பதில் கிடைக்கும்வரை அடுத்த ஆய்வுக்குப் போகவில்லை. நோட்டில் ஒவ்வொரு ஆய்வுக்கும் நாலு வரி: யார் எப்போது செய்தார்கள், எந்த வகை ஆய்வு, என்ன கண்டார்கள், பிறகு என்ன ஆச்சு. நாலாவது வரி காலியாக இருந்தால் அந்த ஆய்வை நான் இன்னும் படிக்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

உதாரணத்துக்கு, மூளை வேதிப்பொருளான செரோடோனினை நரம்புசெல்லுக்குள் திரும்ப எடுத்துச் செல்லும் புரதத்துக்கான செரோடோனின் டிரான்ஸ்போர்ட்டர் ஜீன். 2003-இல் காஸ்பி குழு அதைப் பற்றிய ஆய்வை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73-இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து வந்த ஆய்வு அது. 847 பேர், வயது 26. ஜீனின் குட்டை வடிவம் உள்ளவர்களுக்கு வாழ்க்கையில் அடிமேல் அடி விழும்போது மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம் என்றார்கள். மரபணுவும் சூழலும் கைகோக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று உலகமே நம்பியது.

நான் சேர்ந்த கோச்சிங் சென்டரின் நோட்ஸ் இங்கேயே நின்றுவிடும். பக்கத்தில் மூன்று நட்சத்திரம் வேறு. வீட்டில் நகையை அடகு வைத்து வாங்கிய நோட்ஸ் அது. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஏனென்றால் கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. 2009-இல் ரிஷ் குழு 14 ஆய்வுகளின் தரவை ஒன்றாகச் சேர்த்து அலசும் மெட்டா அனாலிசிஸ் செய்தது. அந்த ஜீன் தனியாகவும் ஒன்றும் செய்யவில்லை, துயர நிகழ்வுகளோடு சேர்ந்தும் ஒன்றும் செய்யவில்லை. துயர நிகழ்வுகளுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு மட்டும் அசையாமல் நின்றது. 2011-இல் கார்க் குழு 54 ஆய்வுகளை எடுத்து, இல்லை, தொடர்பு இருக்கிறது என்றது. 2019-இல் பார்டர் குழு லட்சக்கணக்கானவர்களின் தரவில் மனச்சோர்வுக்குக் காரணமாக இருக்கலாம் என்று முன்கூட்டியே ஊகித்த, பேர்போன 18 கேண்டிடேட் ஜீன்களைச் சோதித்தது. சும்மா கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஜீன்களைவிட அவை எந்த வகையிலும் மேலாக இல்லை. இந்த நாலு வருடங்களையும் வரிசையாகச் சொல்ல முடிந்தால், காலவரிசைக் கேள்வி, கூற்று–காரணம் கேள்வி இரண்டையும் சமாளிக்கலாம். எந்த ஜீனையும் முன்கூட்டி ஊகிக்காமல் மரபணுத் தொகுதி முழுவதையும் அலசும் ஜிவாஸ் ஆய்வு ஏன் வந்தது என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

இதே போக்கு, மிதமிஞ்சிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் பைபோலாரிலும் உண்டு. 1987-இல் ஈக்லாண்ட் குழு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பழைய வாழ்க்கைமுறையை விடாத ஆமிஷ் கிறிஸ்தவக் குடும்பங்களில் 11-ஆவது குரோமோசோமில் பைபோலாருக்கான இடத்தைக் கண்டதாக 'நேச்சர்' இதழில் எழுதியது. பெரிய குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த வம்சாவளி, குடிப்பழக்கம் மிகக் குறைவு. குடும்பத்தில் நோயோடு சேர்ந்து வரும் குரோமோசோம் பகுதியைத் தேடும் லிங்கேஜ் ஆய்வுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் நோயில்லாதவர்கள் என்று குறித்து வைத்திருந்த இரண்டு பேருக்குப் பிறகு நோய் வந்தது. மேலும் சில உறவினர்களையும் கணக்கில் சேர்த்தார்கள். முடிவு நொறுங்கிப் போனது. 1989-இல் அதே 'நேச்சர்' இதழில் அந்த மறுமதிப்பீடு வந்தது, ஈக்லாண்டும் அதில் ஓர் ஆசிரியர். தன் கண்டுபிடிப்பு தவறு என்று காட்டும் கட்டுரையில் தன் பெயரையும் போட்டுக்கொண்ட அந்த அம்மாவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் மரபணுவின் பங்கைச் சொல்லும் ஹெரிட்டபிலிட்டி எண்களில் மூன்று போதும்:

பைபோலார்: சுமார் 85% (மெக்கஃபின், 2003)
மேஜர் டிப்ரஷன்: 37% (சல்லிவன், 2000, மெட்டா அனாலிசிஸ்)
அனோரெக்ஸியா (சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்து உடல் மெலியும் நோய்): 56% (பியூலிக், 2006, ஸ்வீடன் இரட்டையர் பதிவேடு)

இரட்டையர் தரவிலிருந்து ஹெரிட்டபிலிட்டியைக் கணக்கிடும் ஃபால்கனர் சூத்திரத்தைக் கையால் போட்டுப் பாருங்கள். ஒருகரு இரட்டையர் ஒட்டுறவு (கோரிலேஷன்) 0.5, இருகரு இரட்டையர் 0.3 என்றால், வித்தியாசம் 0.2, இரண்டால் பெருக்கினால் 0.4. அதாவது 40%. 0.5-இல் 0.4 போக பகிர்ந்த சூழல் 0.1, 1-இல் 0.5 போக பகிராத சூழல் 0.5. இப்படி நாலைந்து கணக்குப் போட்டால் கை பழகிவிடும். 56% என்பது ஒரு பெண்ணின் நோயில் 56 பங்கு ஜீன் என்று பொருளல்ல. ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் அத்தனை பங்கு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான். இதில் சந்தேகம் இருந்தால் மினசோட்டா இரட்டையரிடம் கிளம்ப் செய்த ஆய்வைப் படியுங்கள். பருவமடையாத 11 வயது இரட்டையரிடம் உணவுச் சிக்கல்களில் மரபணுவின் பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம். அதே 11 வயதில் பருவமடைந்தவர்களிடம் பாதிக்கு மேல். வயது ஒன்றுதான், எண் தலைகீழ். எனக்கு ஹெரிட்டபிலிட்டி உண்மையிலேயே புரிந்தது அன்றைக்குத்தான்.

அனோரெக்ஸியா பகுதியை மட்டும் நான் மார்க்குக்காகப் படிக்கவில்லை. ஹாஸ்டலில் என் அறைத் தோழி ஒருத்தி தட்டில் சோற்றை ஒதுக்கி ஒதுக்கி, இரண்டு வாய் சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் எடுப்பாள். "அவங்க அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க" என்று சுற்றியிருந்தவர்கள் பேசியது இன்னும் காதில் இருக்கிறது.

மினசோட்டா பட்டினி ஆய்வைப் படித்தபோது அவள்தான் கண்முன் வந்தாள். 1944–45, ஆன்செல் கீஸ், போருக்குப் போக மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள், ஆறு மாதம் அரைப்பட்டினி. உடல் எடையில் ஏறக்குறைய கால்வாசி போனது. நல்ல உடல்நலமும் மனநலமும் இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கியெடுத்த ஆண்கள் அவர்கள். அவர்களே கொஞ்சம் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். எரிச்சல், சோர்வு, யாரோடும் சேராமல் ஒதுங்குவது எல்லாம் வந்தது. அனோரெக்ஸியா உள்ளவரிடம் காணும் மனச்சோர்வில் எவ்வளவு பட்டினியின் விளைவு என்று கேட்க வைத்தது இந்த ஆய்வு. மூட், ஈட்டிங் இரண்டையும் தனித்தனி அத்தியாயமாகப் படிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெற்றோர்மேல் பழி போடும் கதைக்கும் "பிறகு என்ன ஆச்சு" உண்டு. 1978-இல் குடும்ப சிகிச்சை நிபுணர் மினூச்சின், எல்லை இல்லாமல் ஒருவருக்குள் ஒருவர் சிக்கிக் கிடக்கும் குடும்பங்களைப் பற்றி எழுதினார். 1987-இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ரசல் குழு, சிறு வயதில் நோய் தொடங்கி அதிக காலம் ஆகாதவர்களுக்குக் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்ட சிகிச்சையே கூடுதல் பலன் தருகிறது என்று காட்டியது. குற்றவாளிக் கூண்டில் நின்ற பெற்றோர் சிகிச்சையில் துணையானார்கள். 2010-இல் உணவுக் கோளாறுகளுக்கான சர்வதேச அகாடமி, குடும்பம்தான் முதன்மைக் காரணம் என்ற கருத்தை வெளிப்படையாக மறுத்தது. 2019-இல் 16,992 நோயாளிகளின் தரவில் செய்த ஜிவாஸ் எட்டு இடங்களைக் கண்டது. எண்ணச் சுழற்சிக் கோளாறான ஓ.சி.டி., மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றோடு மட்டுமல்ல, இன்சுலின், கொழுப்பு போன்ற வளர்சிதை மாற்றப் பண்புகளோடும் மரபணு ஒட்டுறவு இருந்தது. எனவே அனோரெக்ஸியாவை மனநோய் என்று மட்டும் பார்க்காமல் வளர்சிதை மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். என் தோழியின் அம்மாவிடம் இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

பண்பாடு பற்றி இரண்டு ஆய்வு, இரண்டும் முக்கியம்.

ஃபிஜி: ஆன் பெக்கர். தொலைக்காட்சி வந்த புதிதில், 1995-இல், உணவுச் சிக்கலை அளக்கும் ஈட்-26 வினாப்பட்டியலில் அதிக மதிப்பெண் எடுத்த மாணவிகள் 12.7%, 1998-இல் 29.2%. இரண்டு முறையும் கேட்டது வேறு வேறு மாணவிகளிடம். அதனால் டி.வி.தான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. கூற்று–காரணத்தில் கால் வாருவது இங்கேதான்.

ஹாங்காங்: சிங் லீ, 1993. 70 நோயாளிகளில் 41 பேருக்குப் பருத்துவிடுவோமோ என்ற பயமே இல்லை. வயிறு உப்பசமாக இருக்கிறது, பசிக்கவில்லை என்றே சொன்னார்கள். அப்புறம் 2013-இல் வந்த, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வரையறை நூலான டி.எஸ்.எம்.-5-இல், பயத்தை வாயால் சொல்லாவிட்டாலும் எடை கூடாமல் தடுக்கும் நடத்தை தொடர்ந்தால் போதும் என்று வரையறை விரிந்தது.

டி.எஸ்.எம்.-5-இல் மற்றவை: மாதவிலக்கு நிற்க வேண்டும் என்ற நிபந்தனை போச்சு. அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி போன்றவற்றால் ஈடுகட்டும் புலிமியாவுக்கு, அது வாரம் இருமுறை நடக்க வேண்டும் என்பது ஒருமுறை ஆனது. அப்படி ஈடுகட்டாமல் அளவுமீறிச் சாப்பிடும் பிஞ்ச் ஈட்டிங் தனி நோயானது. மூட் டிஸார்டர் என்ற ஒரே அத்தியாயம் பைபோலார், டிப்ரஸிவ் என்று இரண்டானது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11-இல் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

மனச்சோர்வுக் கோட்பாடுகளின் வரிசை: கற்றறிந்த இயலாமை (என்ன செய்தாலும் பலனில்லை என்று கற்றுக்கொள்வது), செலிக்மன்–மேயர் 1967. அதற்கு அட்ரிப்யூஷன் (நடந்ததற்கு நாம் எதைக் காரணமாகக் கொள்கிறோம்) திருத்தம், ஆப்ரம்சன்–செலிக்மன்–டீஸ்டேல் 1978. அதே 1978-இல் லண்டன் கேம்பர்வெல் பெண்களின் வாழ்க்கை நெருக்கடியும் மனச்சோர்வும் பற்றி பிரவுன்–ஹாரிஸ். நம்பிக்கையின்மை, ஆப்ரம்சன்–மெட்டால்ஸ்கி–அலாய் 1989. ரூமினேஷன் (துயரத்தையே திரும்பத் திரும்ப அசைபோடுவது), நோலன்-ஹோக்ஸிமா 1991. பெக்கின் முக்கோணம் (தன்னை, உலகை, எதிர்காலத்தைப் பற்றிய எதிர்மறை எண்ணங்கள்) தெரியாமல் யாரும் இதுவரை வந்திருக்க மாட்டீர்கள்.

மனப்பாடம் எனக்கு வராது, காரணம் தெரிந்தால்தான் மனதில் நிற்கும். பட்டியலைப் பார்த்தாலே பதிந்துவிடும் ஆட்களுக்கு என் நாலு வரி முறை நேர விரயமாகத் தெரியலாம். ஆனாலும் மரபியல் பகுதியில் மட்டுமாவது செய்து பாருங்கள்.

இன்னொன்று. தனியாக அறையில் உட்கார்ந்து நாள் முழுக்க நோய்க்குறிகளைப் படிக்கும்போது அவற்றில் சில நம்மைப் பற்றியே எழுதியது போல இருக்கும். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரம் ஓடினால், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

நாலு வரி நோட்டைப் படமெடுத்து வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் கேளுங்கள். யூனிட் 2 புள்ளியியலுக்கு என்னிடம் தனி நோட்ஸ் இல்லை. பழைய வினாத்தாள்களை மட்டும்தான் போட்டுப் பார்த்தேன்.